மாடு முட்டிய வலி என்றான் தம்பி

அப்பா நாற்பது வயதுகூட முடியாமல் மாரடைப்பில் போனவர். அவர் வழியில் எனக்கும் இளம் வயதிலேயே கொலஸ்ட்ரால் அதிகம், தினமும் மாத்திரை. தம்பியையும் ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனேன்.

"மாடு புடிக்கிற ஒடம்புக்கா இது. எனக்கு என்ன வரப்போகுது?" என்பான்.

போன தை மாதம், பக்கத்து ஊர் ஜல்லிக்கட்டிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"மாடு முட்டிருச்சு," என்றான். அம்மா தைலம் தேய்த்துவிட்டார். எங்கள் வீட்டில் அது வழக்கம்தான். ஆனால் அவனுக்கு வியர்வை அடங்கவில்லை. சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

"எந்த மாடுடா முட்டுச்சு?"

"தெரியலக்கா. வாடிவாசல்கிட்ட நிக்கிறப்பவே வலிச்சுச்சு. மாடுதான் முட்டிருக்கும்னு நெனச்சேன்."

உடனே கார் பிடித்து புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். மாரடைப்பு என்றார்கள். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டான்.

இப்போது அவன் மாத்திரைக்கும் நான்தான் காவல். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கையில் கொடுத்து, விழுங்கும்வரை எதிரிலேயே நிற்கிறேன். "அப்பறம் போட்டுக்கிறேன்க்கா," என்று இன்னமும் நழுவப் பார்க்கிறான். ஊர் மாட்டையெல்லாம் அவன் பிடித்தான். அவனைத் தினமும் நான் பிடிக்க வேண்டியிருக்கிறது.