தம்பி வைத்த புள்ளிகளும் நான் எண்ணிய எண்ணிக்கையும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். தம்பியைப் பற்றி அத்தைதான் எழுத வேண்டும் என்று அவர் மகள் சொல்லிவிட்டாள். எழுத்துக் கூட்டி, மெதுவாக எழுதியிருக்கிறேன். வீட்டில் "டா" போட்டுக் கூப்பிட்ட பிள்ளைதான். இங்கே மரியாதையோடு எழுதுகிறேன். அதற்குத் தகுதியானவர்.

தம்பி பிறந்தது பந்திங் பக்கம், செம்பனைத் தோட்டத்தில். அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். கைப்பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லையென்று நான் மூன்றாம் வகுப்போடு நின்றேன். தம்பி இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தார். அதற்கு மேல் படிக்க வைக்க எங்களால் முடியவில்லை. அவர் அதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. கிள்ளானுக்குக் குடிவந்த பிறகு, பிரிக்பீல்ட்ஸில் பள்ளிப் பயிற்சி நூல்கள் போடும் ஓர் அச்சகத்தில் படம் வரையச் சேர்ந்தார்.

அணுப்படம் வரைவதில் அவர் கை தனி. நடுவில் கரு, அதைச் சுற்றி வட்டங்கள், வட்டத்தின் மேல் புள்ளிகள். அந்தப் புள்ளிகள்தான் எலெக்ட்ரான்களாம். முதல் வட்டத்தில் இரண்டு, அடுத்ததில் எட்டு என்று அதற்கொரு கணக்கு உண்டு. வரைந்ததும் சமையல் மேசைக்குக் கொண்டுவந்து, "எண்ணுக்கா" என்பார். படித்தவர்கள் இத்தனை இருக்கும் என்று முன்பே தெரிந்துகொண்டு பார்ப்பார்கள், நானோ உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்பது அவர் நம்பிக்கை. அதில் எனக்குப் பெருமைதான்.

ஒருமுறை குளோரின் படம் வந்தது. பதினெட்டு என்றேன்.

"பதினேழுக்கா. நடுவுல இருக்கிற கருவையும் சேத்துட்ட."

"நான் எங்கடா சேத்தேன்? பதினெட்டுதான்."

"மீன் பொரிச்சுக்கிட்டே எண்ணுனா அப்படித்தான் வரும்" என்று சிரித்து, படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன்.

புத்தகம் அச்சாகி வந்த அன்று ஒரு பிரதியோடு வீட்டுக்கு வந்தவர், சட்டைகூட மாற்றவில்லை. கடைசி வட்டத்தில் ஏழு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தது. நாலு பக்கமும் இரண்டிரண்டாக வைத்தே பழகிய கை, அங்கேயும் வைத்துவிட்டது.

"நீ சொன்னதுதான் சரிக்கா. இதப் பாத்துப் படிக்கிற புள்ளைங்க பரீட்சையில என்னா செய்யும்? நாளைக்குப் போயி சொல்லிடுறேன். வேல போனா போவட்டும்."

அப்போது அவர் மகள் தொட்டிலில் கிடந்தாள். வேறு யாரும் தவறைப் பார்க்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். "நல்லா யோசிச்சுக்கடா" என்று நானே சொன்னேன். அவர் போய்விட்டார்.

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டதாம். "ஒரு புள்ளிதானே லா. எவன் உக்காந்து எண்ணப் போறான்?"

"எங்கக்கா எண்ணுவாங்க பாஸ்" என்றாராம் தம்பி.

புத்தகங்கள் இன்னும் கடைகளுக்குப் போகவில்லை. மறுநாள் என்னையும் அழைத்துப் போனார். அச்சக மாடியில் கட்டுகளைப் பிரித்து உட்கார்ந்தோம். பிளேடு நுனியால் அந்த ஒரு புள்ளியைத் தம்பி சுரண்டி எடுப்பார், அறுந்த வட்டத்தைப் பேனாவால் சேர்ப்பார். நான் எண்ணிப் பார்த்து அடுக்குவேன். மூன்றாம் நாள் முதலாளியும் வந்து ஒரு பிளேடு எடுத்துக்கொண்டார். தம்பியின் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசிவரை அதே அச்சகம்தான். கணினி வந்த பிறகும் எண்ணும் வேலை என்னுடையதாகவே இருந்தது. திரையில் விரல் வைத்து எண்ணுவேன். நான் ஒன்று சொன்னால், அவர் மறுபடி எண்ணிப் பார்த்த பிறகுதான் பேசுவார். எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் கிடையாது. ஆனால் அவர் வரைந்ததைப் பார்த்துப் படித்த பிள்ளைகள் இந்த நாட்டில் எத்தனையோ பேர்.

சிறுநீரகம் பழுதான பிறகு வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வந்தார். மற்ற நாள்களில் வரைந்தார். கண்மூடுவதற்கு முந்திய வாரம்வரை வரைந்தார்.

சலிக்காமல் காரில் ஏற்றிப்போன பக்கத்து வீட்டுக்காரருக்கும், ஊசி குத்தும்போது அவரைப் பேச வைத்துச் சிரிக்க வைத்த தாதியருக்கும், காரியம் முடியும்வரை கூடவே நின்ற சுபாங் ஜெயா சம்பந்தி வீட்டாருக்கும், கடைசியாகத் தோள் கொடுத்த அச்சக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

புதிய நூலுக்காக அவர் முடித்துவைத்த ஒன்பது படங்களைப் போன வாரம் அவர் மகள் கணினியில் திறந்து காட்டினாள். ஒவ்வொன்றாக எண்ணினேன். அவள் பாடப்புத்தகத்தை வைத்துச் சரிபார்த்தாள். ஒன்றில்கூடத் தப்பு இல்லை. அச்சுக்குக் கொடுத்துவிட்டோம்.