மங்கலம் போடாத மாத்திரை

ஜெயமேரி மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் செய்கிற வேலை இல்லை அது. மருந்தாளுநர் மாற்றலாகிப் போய் எட்டு மாதமாகிறது, வேறு ஆள் வரவில்லை. முப்பது நாளுக்கு முப்பது என்று வெட்டி, உறையில் போட்டு, மேலே பேனாவால் காலைக்குச் சூரியனோ இரவுக்கு நிலாவோ வரைய வேண்டும். படிக்காதவர்களுக்கு அதுதான் எழுத்து. அன்றைக்கு ஒவ்வொரு சூரியன் வரையும்போதும் அவளுக்கு மங்கலத்தின் நினைவு வந்தது. நேற்று மங்கலத்துக்கும் அவள்தான் வரைந்து கொடுத்தாள், மூன்று உறையில் மூன்று சூரியன்.

கடலூர் முதுநகரில் பிறந்தவள் ஜெயமேரி. வயது நாற்பத்தெட்டு, இருபத்து மூன்று வருட சர்வீஸ். காட்டுமன்னார்கோயில் பக்கம் முதலில் வேலை பார்த்தபோது அவளுக்கு ஊர் வைத்த பெயர் ‘கத்துற நர்ஸு’. மாத்திரை போடாதவர்களை எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கிழிப்பாள். “நீ ஊசியே போட வேணாம்டி, வாயத் தொறந்தாலே காய்ச்சல் ஓடிரும்” என்பார் வீட்டுக்காரர் தைரியராஜ். அவளும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள். நோயாளி என்றால் சொன்னதைக் கேட்க வேண்டியவர், அவ்வளவுதான்.

கடலூர்-சிதம்பரம் சாலையிலிருந்து கடற்கரைக்குப் பிரிகிற இந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவள் வந்து ஆறு வருடம். போன மாதம் மங்கலத்தையும் அப்படித்தான் பிடித்து உலுக்கினாள். மங்கலம் மீன்காரி. ஐம்பத்திரண்டு வயது. பிரஷர் நூற்றுத் தொண்ணூறில் நின்றது.

“மாத்திரைய என்னக்கா பண்ற, கோழிக்குப் போடுறியா?”

மங்கலம் சுற்றும் பார்த்துவிட்டு அவள் காதோரம் குனிந்தாள். “ஒனக்கு மட்டும் சொல்றன், ஐயாகிட்ட சொல்லிடாத. அதப் போட்டா அரை மணிக்கொருக்கா ஒண்ணுக்கு வருது. விடியக்காலம் ஏலம், அப்புறம் பஸ்ஸு, அப்புறம் சிதம்பரத்துல தெருத்தெருவாப் போவணும். கூடைய எறக்கி வச்சிட்டு நான் எங்கடி ஒதுங்குவன்? மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தாதான். ரெண்டுல அந்த மாத்திர எதுன்னும் தெரியல. அதான் ஒண்ணையும் போடுறதில்ல.”

“சொல்ல மாட்டேன்க்கா” என்றாள் ஜெயமேரி. இத்தனை வருடத்தில் எத்தனை பெண்களிடம் கத்தியிருப்பாள்! அவர்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று ஒருத்தியைக்கூடக் கேட்டதில்லை.

அன்றே டாக்டர் செந்தமிழ்ச்செல்வனிடம் போனாள். “சார், மங்கலத்துக்கு மாத்திரைய மதியத்துக்கு மாத்தலாமா?” காரணத்தைச் சொல்லவில்லை. கொடுத்த வாக்கு தடுத்தது. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. “காலைலதான் சிஸ்டர். அவுங்கவுங்க இஷ்டத்துக்கு மாத்த முடியுமா?” என்று அடுத்த சீட்டை எடுத்தார். நேற்று பிரஷர் இறங்கவில்லை என்று மூன்றாவது மாத்திரையும் எழுதினார். “போடலைன்னா ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுக் கெடப்ப, பாத்துக்க” என்று மங்கலத்தை மிரட்டியும் அனுப்பினார்.

அவள் அட்டை வெட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒன்பது மணிக்கு வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பஸ் நிறுத்தத்தில் விழுந்துவிட்டாள் என்று இரண்டு பேர் மங்கலத்தையும் அவள் மீன்கூடையையும் தூக்கி வந்தார்கள். கையெல்லாம் மீன் செதில். பிரஷர் எண்பதுக்கு இறங்கியிருந்தது. ஜெயமேரி டிரிப் ஏற்றினாள்.

“வெறும் வயித்துல... மூணையும் போட்டுட்டன்” என்றாள் மங்கலம், கண் திறக்காமல். “இழுத்துக்கும்னாருல்ல.”

டாக்டர் வந்து பார்த்தார். “எத்தனை தடவை சொன்னேன்! சிஸ்டர், நோட்டுல ‘அறிவுரைப்படி மருந்து உட்கொள்ளவில்லை’ன்னு எழுதிடுங்க.”

“எழுத மாட்டேன் சார்.”

“என்ன?”

“இத்தன மாசத்துல இன்னைக்கு ஒரு நாள்தான் நீங்க சொன்னபடி போட்டாங்க. அதான் விழுந்தாங்க.”

வாசலில் வரிசை நின்றது. டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “நூத்தி எழுபது ஓபி சிஸ்டர். ஆளுக்கு ரெண்டு நிமிஷம். கதை கேக்க நேரம் எங்க இருக்கு? கேட்டாலும் வம்பு. போன வாரம் ஒருத்தர்கிட்ட, ‘ஊசியா மாத்திரையா, உங்களுக்கு எது தோது’ன்னேன். ‘டாக்டருக்கே தெரியல’ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு.”

“ஒருத்தன் போனான்னு யாரையுமே கேக்க மாட்டீங்களா? ஏன் போடலைன்னு கேட்டீங்களா இவுங்கள?” ஜெயமேரியின் பழைய தொண்டை திறந்துகொண்டது. “மாத்திரையப் போட்டா அரை மணிக்கொருக்கா ஒண்ணுக்கு வருது சார்! ஏலத்துல, பஸ்ஸுல, தெருவுல, ஒரு பொம்பளை எங்க போவா? உங்க நோட்டுல அதுக்கு எடம் இருக்கா?”

வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. மீன் ஏலம் கூறுகிற ராஜவேல்தான். “இனிமே மங்கலம் அக்கா ஏலத்துல பாதியில எந்திரிச்சா ஏன்னு கேக்காதீங்கப்பா!”

மங்கலம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் நோட்டை மூடி வைத்தார். பிறகு நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஏம்மா, எத்தனை மணிக்குப் போட்டா உங்களுக்குத் தோதுப்படும்?”

“நீங்க என்ன சொல்றீங்களோ அதான் ஐயா” என்றாள் மங்கலம் சுவரைப் பார்த்தபடி.

‘மதியம்னு சொல்லுக்கா’ என்று ஜெயமேரிக்கு ஓங்கிக் கத்த வேண்டும் போலிருந்தது. டாக்டரே மூன்றாவது மாத்திரையை அடித்துவிட்டு, மற்ற இரண்டையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதினார். சீட்டை நீட்டும்போது ஜெயமேரியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. இந்த ஒன்றையாவது வாங்கிவிட்டோம் என்று அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

டிரிப் முடியப் பதினொன்றரை ஆனது. வரிசை கலைந்திருந்தது. ஜெயமேரி ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினாள். நீர் பிரிகிற மாத்திரை எது என்று தனியாக எடுத்துக் காட்டினாள். மங்கலம் உறைகளை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்டுட்டுப் போடுக்கா. இனிமே ஒண்ணும் ஆவாது.”

“ஒங்கிட்ட ஒருத்திகிட்டதான சொன்னன்?”

“அக்கா, உன் நல்லதுக்குத்தான...”

“அவரும் நல்லதுக்குத்தான எழுதுனாரு. நாளைக்கு ஏலத்துல அந்த ராஜவேலு முன்னாடி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பன்?” மங்கலம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குரல் உயரவில்லை. “அவரு கேக்கலன்னு அம்மாம் கத்து கத்துனியே. சொல்லட்டுமாக்கான்னு நீ என்னை ஒரு வார்த்த கேட்டியா?”

ஜெயமேரியின் கையில் டிரிப் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. மங்கலம் மூலையில் கிடந்த மீன் அன்னக்கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பிறகு வெளியே நடந்தாள்.