மெக்சிக்கோக் குசினியில் கறுப்பு பீன்ஸ்

பரிஸில் எங்கள் ஆட்களிடம் ஒரு பகிடி உண்டு. இத்தாலிக் கடை என்ன, ஜப்பான் கடை என்ன, எந்த நாட்டுச் சாப்பாட்டுக் கடையின் குசினிக் கதவைத் திறந்தாலும் உள்ளேயிருந்து "ஓம் அண்ணை, வாங்கோ" என்று ஒரு குரல் வருமாம். நான் வேலை செய்த மெக்சிக்கோக் கடையில் அந்தக் குரல் என்னுடையது.

மெக்சிக்கோ உலகப் படத்தில் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று கேட்டால் அப்போது தடுமாறியிருப்பேன். பாத்திரம் கழுவப் போனவன், வெங்காயம் வெட்டி, சோள ரொட்டி சுட்டு, இறைச்சி வாட்டி, மெல்ல மெல்ல அடுப்புக்குக் கிட்ட வந்து நின்றேன். பெரிய அடுப்பு மட்டும் மெக்சிக்கோக்காரச் சமையல்காரரின் கையில் இருந்தது. தாய்க்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போன மனிதர் அங்கேயே தங்கிவிட்டார். பத்ரோன், அதுதான் எங்கள் பிரெஞ்சு முதலாளி, என்னைக் கூப்பிட்டார்.

"ஞாயிறு மத்தியானம் ஒரு மெக்சிக்கோக் குடும்பம் முழுக் கடையையும் எடுத்திருக்கு. பிள்ளைக்கு ஞானஸ்நானம். இறைச்சியை நீ சமாளிப்பாய். பீன்ஸ் சரிவந்தால் அடுப்பு உனக்கு. சரிவராட்டி திங்கட்கிழமை வேறை ஆள் வருவான். கதைச்சு வைச்சிருக்கிறன்."

எங்களுக்குப் பருப்பு எப்படியோ அவர்களுக்குப் பீன்ஸ் அப்படி. மற்றதெல்லாம் நன்றாக இருந்து அது பிழையாய்ப் போனால் சாப்பாடே பிழையாய்ப் போன மாதிரி. அதுவும் கறுப்பு பீன்ஸ். பழைய சமையல்காரர் அதைத் தானே எங்கிருந்தோ தூக்கி வருவார். எங்கிருந்து என்று நான் கேட்டு வைக்கவில்லை. மொத்த வியாபாரியிடம் தகரத்தில் அடைத்ததுதான் இருந்தது. அதன் இனிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

வேறெங்கே போவது? எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலுக்குப் போனேன். வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் கேட்டேன்.

"அண்ணை, கறுத்த பீன்ஸ் இருக்கோ? போஞ்சியின்ரை காய்ஞ்ச விதை."

கடைக்காரர் தட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தோல் நீக்காத உளுந்துப் பை ஒன்றை எடுத்து முன்னால் போட்டார்.

"இது கறுப்புத்தானே?"

"அண்ணை, இது உளுந்தெல்லோ."

"அது உமக்குத் தெரியும். மெக்சிக்கோக்காரனுக்குத் தெரியுமோ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் கருவேப்பிலைக் கட்டோடு நின்ற அக்கா ஒருவர் சொன்னார்: "பேசாமல் தோசையைச் சுட்டுக் குடும் தம்பி. ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்."

சிரித்து முடிந்த பிறகு அந்த அக்காவே வழியும் சொன்னார். அவரோடு அலுவலகங்கள் துப்புரவாக்கும் பிரேசில் மனிசி ஒருத்தி நாள் தவறாமல் கறுப்பு பீன்ஸும் சோறும்தான் கொண்டு வருவாளாம். "ஸ்டாலின்கிராட் மெத்ரோ ஸ்டேசனுக்குப் பக்கத்துச் சந்துக்குள்ளை ஒரு போர்த்துக்கல் கடை. அங்கைதான் வாங்கிறவள். ஓடும், பூட்டப் போறாங்கள்."

ஓடினேன். இருந்தது. பளபளவென்று, புளியங்கொட்டையைச் சின்னதாக்கிக் கறுப்படித்த மாதிரி. பையைத் தோளில் போட்டுக்கொண்டு கார்ஜில் இருக்கும் வீட்டுக்குப் போக ரெயினில் ஏறியபோது பாதி வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. முதல்நாளே ஊறப்போட்டதை விடிய அடுப்பில் ஏற்றினேன். மத்தியானமும் வந்தது, பீன்ஸ் அவியவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தேன். உள்ளே மணல் மாதிரி நறநறத்தது.

மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"கடலை அவிக்கத் தெரியாத மனிசன் மெக்சிக்கோவுக்குச் சமைக்கப் போறாராம்."

"அந்தப் போர்த்துக்கல் கடைக்காரி பழைய பீன்ஸைத் தலையிலை கட்டிப்போட்டாள் போலை."

"அவளைப் பேசாதேங்கோ. கேத்திலுக்குள்ளை ஒருக்கால் பாருங்கோ."

பார்த்தேன். வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்பு படிந்து கிடந்தது. பரிஸ் பக்கத்துத் தண்ணீர் அப்படி.

"இந்தத் தண்ணியிலை எதுவும் லேசிலை அவியாது. நான் கடலைக்கு என்ன போடுறனான் எண்டு இவ்வளவு காலமும் பாத்தனீங்களோ? தின்ன மட்டும் தெரியும்." அலுமாரியைத் திறந்து அப்பச்சோடாப் போத்தலை எடுத்து என் கையில் வைத்தாள். "ஒரு நுள்ளு. கூடினால் சவர்க்காரம் மாதிரி இருக்கும், பிறகு என்னைச் சொல்லக்கூடாது."

மறுநாள் காலை, ஒரு நுள்ளுச் சோடாவோடு ஊறி அவிந்த பீன்ஸ் விரலுக்குள் வெண்ணெய் போல நசிந்தது. நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் பெரிய சட்டி கொதித்தது. வெங்காயம், உள்ளிப்பூண்டு, கடைசியில் உப்பு. அவ்வளவுதான். ருசி பார்த்தேன். என் நாக்குக்கு ஏதோ குறைந்தது. எங்கள் சாப்பாட்டுக்கென்று மேல் தட்டில் வைத்திருக்கும் கறித்தூள் டப்பாவை நோக்கிக் கை தானாகப் போனது. மூடியையும் திறந்துவிட்டேன். வாசம் வந்தபோதுதான் பழைய சமையல்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. ஒருநாள் அவருடைய சட்டியில் நான் களவாக ஒரு கரண்டி தூள் போட்டேன். ருசித்துப் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு. ஆனால் இது உன்ரை அம்மாவின்ரை சட்டி, என்ரை அம்மாவின்ரை இல்லை" என்று சொன்னவர் அவர்.

டப்பாவை மூடினேன். வாழ்க்கையில் எவ்வளவோ சமைத்திருக்கிறேன். ஒன்றும் போடாமல் நிற்பதற்குப் பட்ட பாடு வேறெதற்கும் பட்டதில்லை. கறுப்புச் சாறு தடித்து மினுங்கும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பாதியை அப்படியே விட்டேன். பாதியை வெங்காயம் வதக்கிய எண்ணெயில் போட்டு மசித்து, சட்டியை விட்டுக் கழன்று வரும் வரை கிண்டினேன்.

சாப்பாட்டுக் கோப்பைகள் விருந்தாளிகளின் மேசைகளுக்குப் போயின. கதவு இடுக்கால் பார்த்தேன். குழந்தையின் ஞானத்தந்தை, பெரிய மீசைக்காரர், இறைச்சியைத் தொடாமல் முதலில் பீன்ஸைத்தான் ரொட்டியில் அள்ளினார். பேசிக்கொண்டிருந்த வாய் நின்றது. மனிதர் எழும்பினார். கோப்பையையும் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்கு வந்தார், பின்னால் பத்ரோன்.

அவர் ஸ்பானிய மொழியில் ஏதோ கேட்டார். பத்ரோன் பிரெஞ்சில் சொன்னார்: "நீ எந்தப் பக்கத்து ஆள் எண்டு கேக்கிறார்."

"யாழ்ப்பாணம்."

மீசைக்காரர் யோசித்தார். "அது தெற்கிலையோ?"

"இல்லை, வடக்கு."

"வடக்கிலையோ? வடக்கத்தையாள் கறுப்பு பீன்ஸை இப்பிடி அவிக்க மாட்டானே!" என்று சொல்லி, என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மெக்சிக்கோவின் வடக்கில் மண்ணிறப் பீன்ஸ்தான் தின்பார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். அவருக்கு நான் இலங்கை என்று விளக்கவில்லை. இன்னும் பீன்ஸ் கேட்டுக் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்ற மனிதரிடம் உலகப் படத்தை விரிக்கலாமா?

கோப்பையை நிரப்பினேன். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் குழந்தையின் தாய். பத்ரோன் அடுப்படியிலேயே நின்று தொலைபேசியை எடுத்தார்.

"திங்கட்கிழமை வரவேண்டாம்," என்றார். "எங்களிட்டை ஆள் இருக்கு."

நான் அவரைப் பார்க்கவில்லை. சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டே சொன்னேன்: "முசியே, இந்தச் சட்டி காணாது. பெரிசு ஒண்டு வேணும்."

"வாங்குவம்," என்றார் பத்ரோன்.