ஒழுகும் கூடாரத்தோடு மாரெட்பள்ளிக்கு

வெள்ளிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்குச் சென்னை ரயில் எங்களைச் செகந்திராபாத்தில் இறக்கிவிட்டது. என் தோளில் கூடாரம். என் மனைவி மாலதியிடம் ஒரு நிபந்தனை. போன வருஷம் கொல்லிமலையில் இதே கூடாரம் தையல் வழியாக ஒழுகி, அவள் உள்ளேயே குடை பிடித்து உட்கார வேண்டியதாயிற்று. "இந்தத் தடவை ஒரு சொட்டு மேலே விழுந்தாலும் இதை வித்துடணும். இனிமே ஓட்டல் ரூம்தான்" என்று ரயிலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். மறுநாள் அனந்தகிரி மலைக்குப் போகிறோம். ஜூலை மாதத்தில் அங்கே மழை இல்லாமல் இருக்குமா?

மாரெட்பள்ளியில் இருக்கும் மாலதியின் அண்ணன் வீட்டுக்கு ஆட்டோக்காரர் இருநூறு ரூபாய் கேட்டார். மாலதி இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். "நக்கோ பாய், வேணாம். மூணு கிலோமீட்டருக்கு இருநூறா?" என்று உருதுவும் தமிழும் கலந்து ஒரு போடு போட்டாள். நூற்றிருபதுக்குப் படிந்தது.

அவள் அண்ணன் சேகர் அலுமினிய ஜன்னல் பொருத்துகிறவர். தையல் ஓட்டைகளை அடைக்கும் பசை வெளிநாட்டிலிருந்து வர ஒரு வாரமாகும் என்று கடைகளில் சொல்லிவிட்டார்கள். அதை வீட்டிலேயே செய்யலாம் என்று நான் படித்து வைத்திருந்தேன். ஜன்னல் ஓரத்தில் பிதுக்குகிற கண்ணாடி நிறச் சிலிகானை, பெயின்டர்கள் வாங்கும் டர்பன்டைனில் கரைத்தால் போதும்.

"இதுக்கா மாப்ளே இவ்வளவு கவலை? சிலிகான் என் வண்டியிலேயே பத்து டியூப் கிடக்குதே!" என்றார் மச்சான். எனக்குக் காப்பிகூட இறங்கவில்லை. உடனே ஆரம்பிக்க வேண்டும்.

ஒன்பதரைக்குத் தெருமுனைக் கடையில் அரை லிட்டர் டர்பன்டைன் தொண்ணூறு ரூபாய், ஒரு அங்குல பிரஷ் முப்பது. மொட்டை மாடியில், காலி ஜாம் பாட்டிலில் ஒரு பங்கு சிலிகானுக்கு இரண்டு பங்கு டர்பன்டைன். முதலில் கட்டி கட்டியாக மிதந்தது. பத்து நிமிஷம் விடாமல் கலக்கியதும் தேன் பதத்துக்கு வந்தது பாருங்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடி முழுக்க வினிகர் வாடை.

"என்னமோ ஊறுகாய் போட்ட மாதிரி குதிக்கிறீங்களே" என்றாள் மாலதி.

ஒழுகுவது உள்ளே, ஆகவே உள்பக்கம்தான் பூச வேண்டும் என்று நான் அடித்துச் சொன்னேன். மச்சானும் தலையாட்டினார். மேல்துணியைத் திருப்பிப் போட்டு இரண்டு மணி நேரம் குனிந்து பூசினோம். இடுப்பு ஒடிந்தது.

பன்னிரண்டரைக்கு மோர் கொண்டு வந்த மாலதி ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். அவ்வளவுதான், முழ நீளத்துக்குப் பாலாடை போல உரிந்து வந்தது. மச்சான் பிரஷ்ஷைப் பார்த்தபடி நின்றார். மாலதி சிரிக்காமல் துணியை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் சொரசொரன்னு இருக்கு. வெளிப்பக்கம் வழவழன்னு இருக்கு. காய்கு, எதுக்கு உள்ளே பூசினீங்க? வெளியே பூசிப் பாருங்க."

"வழவழப்பில எதும்மா ஒட்டும்?" என்றார் மச்சான். இருந்தாலும் ஒரு விரல் அகலம் பூசினோம். ஒரு மணி நேரம் கழித்து நான் சுரண்டினேன், மச்சான் சுரண்டினார். அசையவில்லை! பிறகுதான் விளங்கியது: துணியின் வெளிப்பூச்சே சிலிகான்தான், உள்ளே இருப்பது வேறு. இந்தத் துணியில் சிலிகான் சிலிகானோடுதான் ஒட்டும்.

பழைய பூச்சை உரித்தெறிந்துவிட்டு மூன்று பேரும் மறுபடி உட்கார்ந்தோம். விற்கச் சொன்னவளே என் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டாள். வானம் கறுத்தது. ஈரத்தில் காயுமா என்று பதறினேன்.

"ஈரக் காத்துலதான் மாப்ளே சிலிகான் சீக்கிரம் இறுகும். மழை மட்டும் கொஞ்சம் பொறுக்கட்டும்" என்றார் மச்சான். மழை பொறுத்தது. ஆறு மணிக்குப் பிசுபிசுப்புப் போக முகப்பவுடர் தூவி மடித்தோம்.

சனிக்கிழமை மச்சான் காரில் எண்பது கிலோமீட்டர். பத்தரைக்கு எங்களை அனந்தகிரியில் இறக்கிவிட்டு அவர் வேலைக்குத் திரும்பினார். மூன்று நாற்பதுக்குப் பிடித்த மழை, பக்கத்து மரம் தெரியாத அளவுக்குக் கொட்டியது. கூடாரத்துக்குள் மாலதி தையல் தையலாக விரலை ஓட்டினாள். நான் தையலைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் ஆயிற்று.

"ஹவ், ஆமா, ஒழுகலை" என்றாள். பிறகு, "டீ கிடைக்குமா?"

பிளாஸ்கை எடுத்துக்கொண்டு இருநூறு மீட்டர் தள்ளியிருந்த கடைக்கு ஓடினேன். பிளாஸ்கோடு திரும்பும்போது உடம்பில் காய்ந்த இடமே இல்லை. மாலதி ஜிப்பை ஒரு சாண் மட்டும் திறந்து, பிளாஸ்கை வாங்கிக்கொண்டாள்.

"அங்கேயே நில்லுங்க. இப்படிச் சொட்டச் சொட்ட உள்ளே வந்தா என் கூடாரம் நனைஞ்சிடும்."

ஜிப் மூடிக்கொண்டது. கொட்டுகிற மழையில் நான் வெளியே நின்றேன். அந்த மலையில் அப்போது என்னைவிடச் சந்தோஷமான மனுஷன் எவனும் இருந்திருக்க முடியாது.