வரம்பில் கேட்ட குரல்

பேய், அசரீரி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிறவன் நான். சின்ன வயதிலிருந்து தேவாலயத்துக்குப் போகிறேன், ஜெபிக்கிறேன், ஆனாலும் ஆண்டவர் என் காதில் பேசினார் என்று யாராவது சாட்சி சொன்னால் உள்ளுக்குள் சிரிப்புத்தான் வரும். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபமில்லை.

ஒட்டுசுட்டானில் என் வயலுக்கு அடுத்த வயல் யோசேப்புவுடையது. என்னைவிட இளையவன். புதன்கிழமைகளில் அவன் வீட்டில் அவனும் அவன் மனைவி றீற்றாவும் நானும் சேர்ந்து ஜெபிப்போம். நான் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: ஆண்டவரே, ஆபத்து வருமுன் அதை அறிகிற ஞானத்தைத் தாரும். யோசேப்புதான் அதற்கு உரத்து ஆமென் சொல்வான்.

கதிர் முற்றுகிற நேரம், யானைகள் இறங்கத் தொடங்கியிருந்தன. றீற்றாவுக்குக் கழுத்தில் கழலை, யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் என்றார்கள். வயற்காவலை விட முடியாது என்று யோசேப்பு நின்றுவிட, அவளை அவளுடைய தங்கச்சிதான் கூட்டிப்போனாள். புறப்படும்போது றீற்றா என்னிடம் வந்தாள்.

"அண்ணை, கொஞ்ச நாளைக்கு எங்கடை வரம்பாலை போகாதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் முந்திக்கொண்டு, "யானைக்குப் பயப்பிடுறா அண்ணை, வேறையொண்டுமில்லை" என்று சிரித்தான். அவர்கள் வீட்டு விறாந்தையில் புதுக் கம்பிச் சுருள் ஒன்று கிடந்தது. அதையும் கண்டேன். கண்டும் ஒன்றும் கேட்கவில்லை. கூட முழங்காலில் நின்று ஜெபிக்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

ஒப்பரேஷன் நடந்த அன்று பொழுதுபடுகிற நேரம், யானை இருட்டினபிறகுதானே வரும் என்று, தண்ணீர் மடையை அடைக்க அந்த வரம்பால்தான் போனேன். என் நாய் வீமன் முன்னால் ஓடியது.

"அண்ணை, நில்லுங்கோ!"

முதுகுக்குப் பின்னால், இரண்டு முழம் தள்ளி, றீற்றாவின் குரல். நம்பினால் நம்புங்கள், அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்பதே எனக்கு அப்போது நினைவில்லை, கூப்பிட்ட ஆளைப் பார்க்கிற மாதிரி நின்று திரும்பினேன். பின்னால் நெல்தான் நின்றது. முன்னால் வீமன் ஒரே ஒரு தரம் கத்தியது. திரும்பிப் பார்த்தபோது கம்பியில் விறைத்துக் கிடந்தது. யானைக்கென்று யோசேப்பு வரம்புக்குக் குறுக்கே கட்டி, நேரே கரண்ட் கொடுத்திருந்தான்.

நான் போட்ட சத்தத்தில் யோசேப்பு ஓடிவந்து கரண்டை நிறுத்தினான். உங்களுக்கு ஏதும் நடந்ததா என்று கேட்கவில்லை.

"அண்ணை, வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ, பொலிஸ் கொண்டுபோயிடும்."

"எனக்காவது சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் பொய் சொல்லமாட்டீங்கள் அண்ணை. ஆரும் கேட்டா உண்மையைச் சொல்லிப்போடுவீங்களெண்டு பயந்துதான்…"

அந்தச் சொல் இன்றைக்கும் எரிகிறது. அவன் என்னை நன்றாக அறிந்திருந்தான். அறிந்துதான் அந்தக் கம்பியை நோக்கி நடக்கவிட்டான்.

இரண்டொரு நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். றீற்றாவின் கழுத்தில் கட்டு. என்னைக் கண்டதும் அழத் தொடங்கினாள், சத்தமே இல்லை. தங்கச்சி வெளியே கூட்டிவந்து சொன்னாள்.

"ஒப்பரேஷனுக்குப் பிறகு அக்காவுக்குக் குரல் வரேல்லை அண்ணை. அண்டைக்குப் பொழுதுபடேக்கை திடீரெண்டு எழும்பி இருந்து ஆரையோ கூப்பிடுறமாதிரி வாயை வாயைத் திறந்தவா. வெறும் காத்துத்தான் வந்தது."

நான் அவளிடம் எதையும் கேட்கவில்லை, அவளும் இதுவரை எழுதிக் காட்டவில்லை. குரல் திரும்பவேயில்லை. ஞாயிறுகளில் பாட்டு நடக்கும்போது யோசேப்புக்குப் பக்கத்தில் நின்று உதட்டை மட்டும் அசைக்கிறாள். அவளுடைய குரலைக் கடைசியாகக் கேட்டவன் நான்தான் என்று நினைக்கும்போது, எனக்கும் பாட்டு வாயில் நின்றுவிடுகிறது.