திண்டிவனம் பஸ்ஸில் ஸ்பானிஷ்

விழுப்புரத்தில் ஏறி உட்கார்ந்ததும் புத்தகத்தைத் திறந்துவிடுவேன். திண்டிவனம் வரும்வரை தலை நிமிர்வதில்லை. பக்கத்து இருக்கை அம்மாள் எவராவது எட்டிப் பார்ப்பார். எழுத்து இங்கிலீஷ் மாதிரி இருக்கிறது, ஆனால் இங்கிலீஷ் இல்லை என்று தெரிந்ததும் கேள்வி வரும். "பிரெஞ்சா?" பாண்டிச்சேரியை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு வெள்ளைக்காரன் பாஷை இரண்டுதான். ஒன்று இங்கிலீஷ், இன்னொன்று பென்ஷன் வருகிற பாஷை.

"பிரெஞ்சு பென்சன்காரங்க ஊட்டு மாப்பிள்ளைய பாத்துக்கினு கீறாங்களா ஒனக்கு?"

"இல்லீங்க. இது ஸ்பானிஷ்."

"அதுக்கு எவ்ளோ பென்சன் வரும்?"

எனக்கு மூக்குமேல் கோபம். ஆனாலும் பஸ்ஸில் சண்டை போட்டால் படிப்பு கெடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. திண்டிவனத்துக்கு வெளியே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு ஒத்தாசையாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரிகளின் உதவியில் நடந்த ஆஸ்பத்திரி அது. வருஷத்துக்கு ஒரு பெண்ணை அந்த நாட்டுக்கே அனுப்பி நர்ஸ் படிப்பு படிக்க வைப்பார்கள். பாஷை தெரிந்திருக்க வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்க அங்கிருந்து ஒரு பெண் டாக்டர் வருவார்.

அப்பா அடுத்தவர் கழனியில் வேலை செய்தே எங்களை வளர்த்தவர். அவர் ஒரே ஒரு கெடுதான் கொடுத்திருந்தார். "இந்த வாட்டி பாரு. கெடைக்கலன்னா முண்டியம்பாக்கத்துக்கு சரின்னு சொல்லிடுவேன்." முண்டியம்பாக்கத்தில் மாமா மகன் இருந்தான். நல்ல பையன்தான், அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வாழ்க்கை தொடங்குவதற்குள் யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியில் போய் முடிந்துவிடுமே என்பதுதான் என் பயம். அந்த பயம்தான் என்னைப் படிக்க வைத்தது.

ஆஸ்பத்திரி அலமாரியில் கிடந்த அந்த இலக்கணப் புத்தகம் இங்கிலீஷ்காரர்களுக்காக எழுதியது. அதைப் படிப்பதே ஒரு பேஜாரு. ஆனால் போகப் போக ஒன்று புரிந்தது. இங்கிலீஷ்காரனுக்குக் கஷ்டமாக இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. ஸ்பானிஷில் வினைச்சொல்லின் வாலைப் பார்த்தே யார் செய்தது என்று சொல்லிவிடலாம். 'நான்', 'நீ' தனியாக வேண்டாம். இதைப் பக்கம் பக்கமாக விளக்கியிருந்தார்கள். அடப்பாவிகளா, 'போறேன்' என்றால் நான்தான் போகிறேன் என்று எங்கள் தெருக் குழந்தைக்கும் தெரியுமே! 'மே குஸ்தா' என்று ஒன்று. காபியை நான் விரும்புகிறேன் என்று சொல்லமாட்டார்களாம், காபி எனக்குப் பிடிக்கும் என்பார்களாம். இதற்கு ஒரு பாடம், கீழே எச்சரிக்கை வேறு. நான் அதை ஒரே மூச்சில் தாண்டினேன். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தில் ஸ்பெயினே என் கையில் இருந்தது.

அந்தக் கர்வத்தை அடக்க ஒரு அத்தியாயம் காத்திருந்தது. நடக்காததற்கு, ஆசைப்படுவதற்கு, சந்தேகப்படுவதற்கு என்று வினைச்சொல்லுக்கு வேறு ஒரு வடிவம் உண்டு. 'அவள் வருகிறாள்' என்பதற்கு ஒன்று, 'அவள் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்' என்பதற்கு இன்னொன்று. எத்தனை முறை படித்தாலும் மயிலம் தாண்டுவதற்குள் மறந்துவிடும்.

அந்த மழைக்காலத்தில் எக்ஸ்ரே மெஷின் பூட்ட ஸ்பெயினிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். தடித்த ஆள், எப்போதும் வியர்வை. ஸ்பானர் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்றதும் நான் முந்திக்கொண்டேன். என் புத்தகப் பாஷையில் வணக்கம் சொன்னதற்கு அவர் சிரித்த சிரிப்பு வராண்டா வரை கேட்டது. பிஷப்பிடம் பேசுகிற மாதிரி பேசுகிறேனாம்.

அவர் பேசியதில் பாதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாட்ச்மேனைத் 'தீயோ' என்று கூப்பிட்டார். தீயோ என்றால் மாமா. இவருக்கு நம் வாட்ச்மேன் எப்படி மாமா ஆனார் என்று குழம்பினேன். பிறகு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் மாமா, மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வது நினைவுக்கு வந்து வெளிச்சமாயிற்று. மெஷின் ஓடாவிட்டால் 'பெங்கா, பெங்கா' என்று அதைத் தட்டிக்கொடுப்பார். நாம் மோட்டாரைப் பார்த்து 'வாடா ராஜா' என்போமே, அதேதான்.

ஒருநாள் சுத்தியல் அவர் கட்டைவிரலில் விழுந்தது. "ஓஸ்தியா!" என்று அலறினார். நான் ஞானஸ்நானம் வாங்கிய பெண். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை எங்கள் வீட்டிலும் ஓஸ்தி என்றுதான் சொல்வோம். மனுஷன் சாகப்போகிறார், கடைசி நன்மையாக அந்த அப்பத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, சாமியாரைக் கூப்பிட வாசல்வரை ஓடிவிட்டேன். அது வசவு என்று தெரிந்ததும் எனக்கு உடம்பு கூசியது. அப்புறம் அதையும் கற்றுக்கொண்டேன். பாஷை என்றால் எல்லாம்தானே?

டாக்டர் வந்தார். என்னோடு போட்டிக்கு இருந்தவள் ஒருத்திதான். கான்வென்டில் படித்துவிட்டு என்னைப் போலவே ஒத்தாசைக்குச் சேர்ந்தவள், எழுத்தெல்லாம் அச்சு மாதிரி இருக்கும். காலையில் நோயாளிகளுக்கும் டாக்டருக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்க்க வேண்டும், மத்தியானம் எழுத்துப் பரீட்சை. டாக்டர் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

அவர் பேச்சு மழை மாதிரி கொட்டியது, வார்த்தைகளின் நுனியையெல்லாம் முழுங்கிவிடுகிறவர். மெக்கானிக்கிடம் பழகிய காது என்னைக் காப்பாற்றியது. தலைவலி, இடுப்புவலி, குழந்தைக்குச் சளி என்று நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அப்போது சர்க்கரை வியாதிக்கார அம்மாள் ஒருவர் உள்ளே வந்தார். கூலி வேலை செய்கிறவர், முதல் பஸ் பிடித்து வந்தவர். டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, சாப்பிட்டாயிற்றா கேள் என்றார். வெறும் வயிற்றில் அந்த மருந்து போனால் ஆள் மயங்கி விழுந்துவிடும்.

"சாப்ட்டீங்களாம்மா?"

"ஆச்சும்மா."

'சாப்பிட்டுவிட்டார்' என்று டாக்டரிடம் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சொல்லி முடித்ததும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் சாப்பிட்டாயா என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? இல்லை என்றால் சோறு கேட்டதாக ஆகிவிடாதா? பட்டினியாகக் கிடந்தாலும் 'ஆச்சு'தான். ரத்தம் எடுப்பார்கள் என்று ஆஸ்பத்திரிக்கு வெறும் வயிற்றோடு வருவதும் எங்கள் ஜனங்கள்தான். அந்த அம்மாளின் தூக்குவாளியைப் பார்த்தேன். மேலே கட்டிய துணி கட்டியபடியே இருந்தது. டாக்டர் பஞ்சால் அந்த அம்மாளின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அந்த நேரத்தில் எந்த இலக்கணம் வரும்? என் வாயில் மெக்கானிக்தான் வந்தார். "ஓஸ்தியா! எஸ்பேரா, தீயோ!" என்று ஆரம்பித்து, நிறுத்து, சாப்பாடு இல்லை, பொய், மரியாதைப் பொய் என்று வால் இல்லாத வினைச்சொற்களாகக் கொட்டினேன். ஒரு பெண் டாக்டரைப் பார்த்து 'பொறு மாமா' என்று கத்தியிருக்கிறேன், கெட்ட வார்த்தையோடு.

பிறகு அந்த அம்மாளிடம் திரும்பி, "இன்னா சாப்ட்டீங்க? சொல்லுங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நேத்து ராத்திரி கேப்பக்கூழு குடிச்சதும்மா."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். அந்த அம்மாள் வராண்டாவில் உட்கார்ந்து தூக்குவாளியில் இருந்த கூழைக் குடிக்கும்வரை காத்திருந்தார்.

மத்தியானப் பரீட்சையில் என் எமன் வந்து உட்கார்ந்திருந்தான். ஆசை, சந்தேகம், நடக்காதது, பக்கம் முழுக்க அதே வினைகள். பாதிக்கு மேல் தப்பு.

சாயங்காலம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நேராகச் சொன்னார். காலையில் நீ செய்ததை நான் மறக்கமாட்டேன். ஆனால் அங்கே முதல் வருஷமே எழுத்துப் பரீட்சைதான். லாரி டிரைவர் ஸ்பானிஷை வைத்துக்கொண்டு நீ போனால் மூன்றே மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்புறம் இந்தக் கதவு உனக்குத் திறக்காது. இந்த வருஷம் அந்தக் கான்வென்ட் பெண் போகட்டும். அடுத்த வருஷம் நான் மறுபடி வருவேன்.

அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. அவர் சொன்னது நியாயம் என்பதுதான் ஆத்திரத்துக்குக் காரணம்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை. ஞாயிற்றுக்கிழமை முண்டியம்பாக்கத்துக்காரர்கள் பெண் கேட்டு வருவதாக இருந்தது.

"இன்னாச்சும்மா?"

"கெடைக்கலப்பா."

"சரி வுடு. நம்ப தலையெழுத்து அவ்ளோதான்."

"தலையெழுத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு ஒரு பாடம் வரல, அவ்ளோதான். அடுத்த வருசம் அந்த டாக்டரு திரும்ப வராங்க. நான் திரும்ப எழுதப்போறேன். முண்டியம்பாக்கத்துல வரவேணாம்னு சொல்லிடுப்பா."

அப்பா ஆடிப்போய்விட்டார். "எப்புடிம்மா? வரச் சொல்லிட்டு வேணாம்னா... ஒறவுல மூஞ்சில முழிக்க முடியுமா?"

அவர் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் பார்த்ததில்லை. கழனிக்காரரிடம், சாமியாரிடம், சொந்தக்காரர்களிடம், எல்லோரிடமும் 'ஆவட்டுங்க'தான். நான் கேட்பது என் பரீட்சையைவிடப் பெரிய பரீட்சை என்று எனக்குத் தெரிந்தது. பாவமாக இருந்தது. ஆனாலும் கேட்டதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

வாழைப்பழச் சீப்பைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு கேட்டார். "அந்த பாசையில, முடியாதுன்றத எப்புடி சொல்லுவாங்க?"

"நோ."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இங்கிலீசுலயும் அதானே சொல்றாங்க! இதுக்காடி இத்தினி நாளா பஸ்ஸுல தலைய கவுத்துக்கினு படிச்ச?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பழத்தையும் வெற்றிலையையும் என் கையில் திணித்தார். முண்டியம்பாக்கம் வழியாகப் போகிற பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது.

"நீ ஊட்டுக்குப் போ. நான் போய் சொல்லிட்டு வர்றேன்."

பஸ் திரும்பும்போது ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அப்பா சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.