அடைப்புக்குறிக்குள் இருப்பதை முதலில் செய்

பதினெட்டு வருடமாகக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அடைப்புக்குறி என்ற ஒரு சின்ன விஷயம் என் சொந்த அண்ணனின் உயிருக்கே உலை வைக்கப் பார்க்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

அண்ணன் லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மருந்து அடிக்கிறவன். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் இரண்டு. ஆஸ்பத்திரியில் கொடுப்பது ஒன்று. தேயிலைக்கு அடியில் முளைக்கும் புல்லைச் சாகடிக்க, முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு அடிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர். எதைச் சொல்கிறார்கள் என்று எங்களுக்குத் தானாகப் புரியும், வெளியாளுக்குப் புரியாது.

வெளியாள் என்று நான் சொல்வது பாஸ்டரை. கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து, லயத்து வரிசை வீடுகளில் இரண்டு காம்பராவை இடித்து ஒன்றாக்கிய ஜெப வீட்டில் பிரசங்கம் செய்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அண்ணன் சாராயத்தை விட்டது அங்கே போன பிறகுதான். அதற்காக அண்ணி அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

ஒரு ஞாயிறு அவர் மாற்கு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்தார். விசுவாசிக்கிறவர்கள் பாம்பைக் கையில் எடுப்பார்கள், சாகடிக்கிற எதையாவது குடித்தாலும் அது அவர்களை ஒன்றும் செய்யாது என்று வருகிற பகுதி. எங்கள் குளிருக்குப் பாம்பு அதிகம் வராது. இரத்தம் குடிக்கிற அட்டையைச் சொல்லியிருந்தால் தோட்டத்தில் பாதிப் பேர் பரிசுத்தவான்கள். ஆனால் குடிக்கிற விஷயம் அண்ணனின் மனதில் போய் உட்கார்ந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் பாஸ்டரிடம் போய், வருகிற பௌர்ணமி லீவான போயா நாள் உபவாச ஜெபத்தில் எல்லார் முன்னாலும் மருந்து குடித்துச் சாட்சி சொல்லப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அவரும் தோளில் தட்டி, "நல்லது பிரதர், கர்த்தர் பெரிய காரியம் செய்வார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அண்ணி எனக்குப் போன் எடுத்து அழுதார். என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "டீச்சர், நீங்க படிச்சவங்க, வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார். படித்தவள் சொன்னால் கேட்கிற ஆள் போல!

முதலில் பாஸ்டருக்குப் போன் எடுத்தேன். அவர் சொன்ன பதிலைக் கேட்டு போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

"மருந்து குடிக்கிறதுல என்ன சிஸ்டர் தப்பு? நான் மருந்துக்கு விரோதமா ஒருநாளும் பேசினதில்லையே."

"பாஸ்டர், அது புல்லுக்கு அடிக்கிற மருந்து."

"ஐயோ" என்றார். ஏதோ நெஞ்சுவலி மாத்திரை என்று நினைத்தாராம். வியாதிக்காரன் ஒருவன் கூச்சமில்லாமல் எல்லார் முன்னாலும் மருந்து குடித்து, நான் பிழைப்பேன் என்று சொல்லப் போகிறான் என்று சந்தோஷப்பட்டாராம். உடனே அண்ணனைக் கூப்பிட்டு, தேவனைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் அசையவில்லை. "மொதல்ல நல்லதுன்னாரு, இப்ப வேணாங்கிறாரு. பிசாசு பாஸ்டர் வாயிலயும் பேசுவான்" என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னான்.

சரி, நானே பார்க்கிறேன் என்று நான் குடியிருக்கும் தலவாக்கலையிலிருந்து இரண்டு வேதத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஒன்று வீட்டிலிருந்த பழைய மொழிபெயர்ப்பு. இன்னொன்று புதியது. புதியதில் அந்தப் பகுதி முழுவதும் அடைப்புக்குறிக்குள் இருக்கும். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இந்த வசனங்கள் இல்லை என்று அடியில் சின்ன எழுத்தில் குறிப்பும் இருக்கும். என்னிடம் இருந்த பெரிய ஆயுதம் அதுதான்.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தான். படித்துவிட்டுச் சிரித்தான்.

"அடைப்புக்குறி போட்டா இல்லைன்னு ஆயிடுமா பாப்பா? நீதானே புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுப்ப, அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறத மொதல்ல செய்யணும்னு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவனுடைய மகளுக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுத்தபோது இவன் பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு பாடத்தைக் காதில் வாங்கியிருக்கிறான், அதுவும் இதற்கு.

கோயில் உச்சியில் நின்ற இயேசுவிடம் பிசாசு வந்து, தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள், குதி என்று வேத வசனத்தைச் சொல்லித்தானே ஏமாற்றப் பார்த்தது என்று கேட்டேன்.

"குதின்னது பிசாசு. குடின்னது இயேசு" என்றான்.

"குடின்னு எங்க இருக்கு? குடிச்சாலும்னுதானே இருக்கு! தெரியாமக் குடிச்சாலும்! குடிக்கச் சொல்லலையே!" என்று கத்தினேன். பக்கத்துக் காம்பராவில் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"இத்தனை வருஷம் முகமூடி இல்லாம மருந்து அடிக்கிறேன். மூக்குல போவுது, வாயில போவுது. எனக்கு என்ன ஆச்சு?" என்றான். ராத்திரி முழுவதும் அவன் இருமுவதை அண்ணி சொல்லியிருக்கிறார். அதை எடுத்துச் சொன்னேன். அது குளிராம்.

போயா அன்று காலை நானும் ஜெப வீட்டுக்குப் போனேன். இருபது பேர் இருப்பார்கள். பாஸ்டர் வரவில்லை. ஹட்டன் பக்கம் மண் சரிந்து பஸ் நிற்கிறது என்று செய்தி வந்தது. உண்மையாகவும் இருக்கலாம். பாட்டு முடிந்ததும் அண்ணன் எழுந்தான். கால்சட்டைப் பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து, அதன் மூடியிலேயே ஊற்றி, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினான். கையைப் பிடித்துத் தடுக்க ஓர் ஆள் எழுந்திருக்க வேண்டுமே! பெரிய பெரிய ஆண்கள் எல்லாரும் அல்லேலூயா சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து ஆட்களைத் தாண்டி முன்னால் போவதற்குள் அண்ணி முந்திவிட்டார்.

மூடியை எடுத்தது அண்ணி.

"விசுவாசிக்கிறவங்கன்னுதானே போட்டிருக்கு. ஆம்பளைங்கன்னு போடலையே. நான் மொதல்ல குடிக்கிறேன்" என்றார்.

அண்ணன் கண்ணைத் திறந்தான். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இத்தனை நாள் அவன் வாயில் இருந்த விசுவாசம் எங்கே போனதோ, "அடியே, செத்துப்போயிருவடி!" என்று அலறிக்கொண்டு பாய்ந்து அடித்தான். மூடி பறந்தது. மருந்து அண்ணியின் கன்னத்திலும் உதட்டிலும் சேலையிலும் தெறித்தது.

தண்ணீர் கொட்டும் பீலிக்கு இழுத்துப் போய் முகத்தைக் கழுவினோம். வாய்க்குள் போனதா என்று கேட்டால், தெரியல, தெரியல என்று அழுதார். ஆட்டோவில் நடுவில் அண்ணி, ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் நான். அந்த வளைவுப் பாதையில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை சத்தமாக ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

டாக்டர் சிங்களத்தில் கேட்டதையெல்லாம் நான் தமிழில் மாற்றிச் சொல்லிச் சொல்லி, இரத்தம் எடுத்து, ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். உள்ளே எதுவும் போகவில்லை. மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். என் அண்ணனைப் பற்றித் தெரிந்திருந்தும் அப்படி நினைத்தது என் புத்தி.

அடுத்த ஞாயிறு அவன் சாட்சி சொல்ல எழுந்தான். வசனம் நிறைவேறிவிட்டதாம். தன்னிடத்தில் அல்ல, தன் மனைவியிடத்தில்! உதட்டில் பட்டும் சேதமில்லையாம். பாஸ்டர் நெளிந்தார். நான் மறுத்துப் பேச எழுந்திருந்தேன். அவன் என்னை நோக்கிக் கையைக் காட்டினான்.

"என் தங்கச்சியே சாட்சி. அந்த வசனம் வேதத்துலயே இல்லைன்னு சொன்னவ. ஆட்டோவுல வழி பூரா அதே வசனத்தைச் சொல்லித்தான் ஜெபிச்சா!"

உண்மை. அவன் சொன்ன பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது. என்னமும் குடித்திருந்தாலும் அது இவளைச் சேதப்படுத்தாது ஆண்டவரே என்றுதான் வழி முழுவதும் கெஞ்சியிருக்கிறேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு வேதத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்த படித்தவள் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்தேன்.

பெண்கள் பக்கமிருந்து அண்ணி எழுந்தார். "நான் விசுவாசத்துல எடுக்கல. இந்த மனுசன் செத்துருவாருன்னு பயத்துலதான் எடுத்தேன். இனி ஒருத்தரும் மருந்தைத் தொடாதீங்க" என்றார். பழக்க தோஷத்தில் யாரோ ஆமென் சொன்னார்கள். அண்ணன் உட்கார்ந்துவிட்டான். திங்கட்கிழமை காலை வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு அவன் முகமூடியோடு போனதாகக் கேள்விப்பட்டேன். எந்த வசனத்துக்காகவும் இல்லை, அண்ணி போடச் சொன்னதற்காக.

கூட்டம் முடிந்து லயத்துக்குத் திரும்பும்போது அண்ணி கேட்டார்.

"அந்த வசனம் இருக்கா, இல்லையா டீச்சர்?"

"மொத எழுத்துல இல்லைன்னுதான் படிச்சவங்க சொல்றாங்க அண்ணி."

"பொறகு எதுக்கு அதைச் சொல்லி ஜெபிச்சீங்க?"

எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

"வேற எதுவும் வரல அண்ணி."

அண்ணி சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்தார். ஒரு வாரமாக அப்படித்தான் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் வேற எதுவும் வரலதான். அதான் மூடிய எடுத்தேன்."